பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கதிரை

பிள்ளைகளே, அந்தக் கூடைப்பந்து டிக்கெட் விஷயத்தில் பிழை என்னுடையது. போனில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

உங்கள் உம்மா கண்ணை மூடி மௌத்தானபோது ஊருக்கு யார் வருவது என்ற கதையில் மனம் முறிந்து, கனடாவில் ஒரே நகரத்தில் இருந்துகொண்டே நீங்கள் இருவரும் பேச்சை விட்டீர்கள். மகள் சொல்வது இங்கே கற்பிட்டிக்கு, என்னிடம் வந்து, என் வாயால்தான் திரும்ப மகனுக்குப் போகும். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே இரண்டு பேருக்கும் அந்த விளையாட்டில் விருப்பம். ஒரு தடவையாவது பக்கத்தில் பக்கத்தில் இருந்து ஓர் ஆட்டம் பாருங்கள், இது வாப்பாவின் ஆசை என்றேன். தனித்தனியாகச் சம்மதித்தீர்கள்.

மகன் விலை பார்த்தார். சனி, ஞாயிறைவிடக் கிழமை நாள் ஆட்டம் மலிவாம். சேர்ந்தாற்போல் உட்கார இரண்டு கதிரை இருந்தது, ஆனால் விலை கூடுதல் என்றார். அங்கேதான் என் மீன் வியாபாரப் புத்தி குறுக்கே வந்தது. கடற்கரையில் தோணி வந்தவுடன் கேட்ட விலைக்கு மீன் எடுப்பவன் புதியவன். வெயில் ஏறும்வரை சும்மா நின்றால் விலை தானாக இறங்கும்.

"அவசரப்படாதீங்க மகன். ஆட்டம் தொடங்கினாப் பொறகு அந்தக் கதிரைக்கு என்ன வெல? நாறின மீன்தானே."

இதை மகளுக்கும் போனில் சொன்னேன், சிரித்தார். "வாப்பா, இங்கயும் வந்து மீன்வாடி போட்டுட்டீங்களா?"

பொறுத்தோம். உண்மையைச் சொன்னால், விலை கேட்கும் சாட்டில் தினமும் இரண்டு பேருடைய குரலும் இந்த வீட்டில் கேட்டது. அது சீக்கிரம் முடிந்துவிடக் கூடாதென்றும் எனக்கு இருந்தது.

ஆட்டத்தன்று விலை பாதிக்கு வந்தது. மகன் போன் எடுத்தார்.

"வெல எறங்கிட்டுது, வாப்பா. ஆனா சோடியா இல்ல. ஒண்டு இந்தப் பக்கம், மத்தது எதிர்ப்பக்கம். எடுக்கவா, விடவா?"

சோடிக் கதிரைகள்தான் முதலில் போகுமாம், கடைசியில் மிஞ்சுவது ஒற்றைகள். மீனை ஒவ்வொன்றாக வாங்கினாலும் ஒரே சட்டியில் போடலாம். கதிரை அப்படியில்லை என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. எடுங்கள் என்றேன். போனீர்கள். இடைவேளையில் சந்தித்தீர்களா என்று நான் கேட்கவில்லை. நீங்களும் சொல்லவில்லை.

தனி ஆளென்றால் கடைசி மணித்தியாலம் வரை பொறுங்கள், மலிவாகக் கிடைக்கும். சேர்ந்து இருக்க வேண்டுமென்றால் விற்பனை தொடங்கிய அன்றே எடுத்துவிடுங்கள். வாப்பாவிடம் கேட்க வேண்டாம்.

நீங்கள் ஆட்டம் பார்த்த நேரம் எனக்கு இங்கே காலை. ஆளுக்கொரு படம் அனுப்பியிருந்தீர்கள். தேத்தண்ணீரை ஆறவிட்டு, மகளின் படத்தை விரலால் பெரிதாக்கி, எதிர்ப்பக்கத்துக் கதிரைகளில் மகனைத் தேடினேன். பெரிதாக்கப் பெரிதாக்க முகங்கள் புள்ளிகளாகக் கலைந்தன. மேலிருந்து மூன்றாவது வரிசையில் ஒரு நீலப் புள்ளியை அவர் என்று வைத்துக்கொண்டேன்.