படத்துக்குக் கீழே ஓடிய எழுத்து

என் தங்கை மயிலாத்தாள் ஜெயித்ததை முதலில் எழுதிவிடுகிறேன். அவள் வீட்டில் யாரும் அதைச் சொல்லமாட்டார்கள். அன்னூர் விசைத்தறிக் கூடத்தில் ஆண்களுக்கு மட்டும் கொடுத்த நான்கு தறிகளைக் கேட்டு வாங்கி, இருபத்தெட்டு வருஷம் ஓட்டினாள். புருஷன் ராசப்பன் செத்த மறுவருஷமே, அவன் அண்ணன் மடக்கப் பார்த்த வீட்டை மீட்டாள். மகன் பிரவின்குமாரைப் பாலிடெக்னிக் படிக்க வைத்தாள். தறிச் சத்தத்தில் இரண்டு காதும் போயின. அதன் பிறகு, பள்ளிக்கூட வாசலை மிதிக்காத அவள் ஐம்பத்தேழு வயதில் தானாகவே படிக்கக் கற்றாள்.

கற்றது சினிமாவில். பிரவின் பணம் கட்டி வைத்திருந்த செயலியில் படத்துக்குக் கீழே வசனம் தமிழிலேயே ஓடும். காது கேட்ட காலத்தில் தியேட்டரில் ஏழெட்டு தடவை பார்த்த படங்களின் வசனம் அவளுக்கு மனப்பாடம். தெரிந்த சொல்லையும் ஓடுகிற எழுத்தையும் பொருத்திப் பொருத்தி ஒன்றரை வருஷத்தில் பிடித்துவிட்டாள். பிறகு புதுப் படங்களையும் படித்தே பார்த்தாள். அந்த வீட்டில் அவளிடம் யாரும் நின்று பேசுவதில்லை. மனிதர்கள் பேசுவதை அவள் கண்டது அங்கேதான்.

2025 மே 18, ஞாயிறு. நான் சாப்பிடப் போயிருந்தேன். செயலிக் கட்டணத்தை ஏற்றிவிட்டதாகப் பிரவினுக்குச் செய்தி வந்திருந்தது.

“இனி இது வேண்டாமுங்க மாமா. அடுத்த மாசம் பன்னெண்டாந் தேதியோட நிறுத்திப்போடறேன். செவுட்டுக்கு எதுக்குங்க சினிமா?”

அவள் அவன் உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டாள். “ரெண்டு காதும் நல்லா இருக்கற உனக்கு நாஞ் சொன்னது என்னைக்குடா ஏறுச்சு?”

“அப்ப உங்க காசுல கட்டிக்கோங்கம்மா. உங்க பேர்ல ஒரு கார்டு வாங்குங்க பாக்கலாம். கைநாட்டுக்கு எந்த பேங்குல குடுக்கறாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க மாமா.” சொல்லிவிட்டுச் சிரித்தான்.

அந்தச் சிரிப்பை நான் மறக்கப் போவதில்லை. அவனைப் பாலிடெக்னிக்கில் சேர்த்த விண்ணப்பத்தில் இருப்பதும் அதே கட்டைவிரல்தான்.

அவளுக்குக் கணக்கு இருந்த வங்கியில் விசாரித்தேன். கைரேகைக் கணக்குக்குக் கார்டு இல்லை. கையெழுத்துக்கு மாற்றினால் அன்றே தருவோம் என்றார்கள். ஆனால் படிக்கத் தெரிந்த என் தங்கை பேனா பிடித்ததே இல்லை. அவள் பெயரை எழுதிக் காட்ட உட்கார்ந்தேன்.

“வேண்டாமுங்கண்ணா, படத்துல இருந்து நானே எடுத்துக்கறேன்.”

அவள் பெயர் எந்தப் படத்திலும் வரவில்லை. ‘மயில்’ ஒரு பாட்டில் கிடைத்தது. ‘ஆத்தாள்’ ஒரு சண்டையில். நடுவில் வருகிற ‘லா’வை ஒரு கடிதத்தின் ‘விலாசம்’ கொடுத்தது. படத்தை நிறுத்தி நிறுத்தி, கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கம் எழுதினாள். பிரவின் அந்தத் தாள்களைக் குப்பையில் போட்டான். மறுநாள் வேறு தாள் எடுத்தாள்.

பன்னிரண்டாம் தேதிக்கு மூன்று நாள் முன்னால் வங்கிக்குப் போனோம். கவுண்டரில் இருந்த பெண் மை டப்பாவை நகர்த்தினாள். “வெரலை வைங்கம்மா.”

மயிலாத்தாள் டப்பாவை மூடித் திருப்பித் தள்ளினாள். “கையெழுத்து.”

“எழுதுவாங்களாங்க?” என்று அந்தப் பெண் என்னைக் கேட்டாள்.

“என்னையக் கேளு அம்மணி!” கூடமே திரும்பிப் பார்த்தது.

“சீக்கிரமுங்க, பஸ்ஸைப் புடிக்கோணும்” என்றார் பின்னால் நின்றவர். அது அவளுக்குக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஆறு எழுத்து. கடைசி எழுத்தின் சுழி கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. மயிலாத்தாள் முதன்முதலாகத் தன் பெயரைக் கையெழுத்திட்ட நாள் 2025 ஜூன் 9, திங்கட்கிழமை.