முதுமையை அளக்க ஓகூஸுக்குப் போன நாள்

வன்னியில் போர் முடிந்துவிட்டது என்று அறிவித்த மறுநாள், 2009 மே மாதத்தில், நான் வசிக்கும் டேனிஷ் ஊரான இக்காஸ்ட்டிலிருந்து ஓகூஸ் நகர மருத்துவமனைக்குப் போனேன். நீரிழிவு வந்தவர்களின் உடம்பு ஏன் வயதுக்கு முந்தியே முதுமை அடைகிறது என்று அங்கே ஆராய்கிறார்கள். எனக்கு ஐம்பத்திரண்டு வயது, சீனி வருத்தம் வந்து பதினான்கு வருடம். முன்பே பெயர் கொடுத்திருந்தும் போகாமல் விடத்தான் நினைத்தேன். புதுக்குடியிருப்பில் இருந்த அண்ணையிடமிருந்து ஜனவரிக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. வீட்டில் இருந்தால் தொலைக்காட்சியின் முன்னால்தான் கிடப்பேன் என்று கிளம்பிவிட்டேன்.

காலை 6.40 ரயில், ஒன்றேகால் மணி நேரப் பயணம். சில்கபோர்க் தாண்டியதும் இருபக்கமும் ஏரிகள் வரும். அன்று நான் அவற்றைப் பார்க்கவில்லை, கைத்தொலைபேசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நிலையத்திலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம்.

இரத்தம் எடுத்தார்கள், கண்ணுக்குள் வெளிச்சம் அடித்தார்கள், கைப்பலம் அளக்க ஒரு பிடியை முடிந்தவரை இறுக்கச் சொன்னார்கள், நீண்ட நடைபாதையில் நடக்கவிட்டு நேரம் குறித்தார்கள். பிறகு தாதி படிவத்தோடு வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர், என்னைவிடச் சற்று இளைய யாழ்ப்பாணத்துக்காரர். கூடப்பிறந்தவர்களில் யாருக்கு நீரிழிவு என்று கேட்டதும் அண்ணைக்கு என்றேன். தாதி அடுத்த கேள்வியைக் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தாதியிடம் அதைத் திரும்பக் கேட்டார்.

"என்ன கேக்கிறா?"

"அக்கா... அண்ணை உயிரோட இருக்கிறாரோ எண்டு கேக்கிறா."

"தெரியாது எண்டு சொல்லுங்கோ தம்பி."

அவர் அதை டேனிஷில் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "என்ர தங்கச்சியும் அங்கதான் அக்கா," என்றார். தாதி பேனையை வைத்துவிட்டு எங்கள் இருவருக்கும் தண்ணீர் கொண்டுவந்து தந்தார்.

கடைசியில் வந்த மருத்துவரிடம் என் உடம்புக்கு எத்தனை வயது என்று கேட்டேன். அப்படி ஒரே எண்ணாகச் சொல்ல முடியாது, கண் ஒரு வேகத்திலும் இரத்தக்குழாய் இன்னொரு வேகத்திலும் மூப்படையும், ஏன் என்று முழுதாகத் தெரிந்திருந்தால் உங்களை அழைத்திருக்க மாட்டோம் என்றார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. மருந்து இல்லாமல் மாதக்கணக்கில் கிடக்கும் ஒருவருக்கு அந்த வேகம் என்னவாகும் என்று கேட்க வாய் வரவில்லை.

நீங்களும் போவதாக இருந்தால்: வெறும் வயிற்றோடு போக வேண்டும், இரத்தம் எடுத்த பிறகு சாப்பிட ஏதாவது கட்டிக்கொண்டு போங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். முழு நாள் விடுப்பு எடுங்கள், எனக்குப் பிற்பகல் மூன்று மணியாயிற்று. பயணச் செலவை அவர்கள் தருவார்கள், டிக்கெட்டை எறிந்துவிடாதீர்கள்.

ஓகஸ்டில் வவுனியா முகாமிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. குரல் எண்பது வயதுக் கிழவருடையதுபோல இருந்தது. யார் என்று கேட்டேன்.

"நான்தான் பிள்ளை, அண்ணை," என்றது.

அண்ணைக்கு ஐம்பத்தைந்து வயது.