ஹெலனிடம் நான் சொன்ன ‘மாட்டன்’

செய்தி வந்தபோது நான் கோயில் சமையலறையில் கடலைக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். கவிதாதான் தொலைபேசியில்.

“அக்கா, கையில என்ன வச்சிருக்கீங்க?”

“கடலைச் சட்டி.”

“கீழ வைங்க.”

வைத்தேன். அதற்குப் பிறகு அவர் அழுதார். எனக்கு விளங்கிவிட்டது. ஹெலன் ஆஸ்பத்திரியில் இருந்ததை நாங்கள் எல்லோரும் அறிவோம். திரும்பிப் போய் மறுபடியும் உப்புப் போட்டிருக்கிறேன் போல. அன்று கடலை வாங்கிய ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. முருகன் பெரியவன்.

நம் நாடகக் குழுவில் ஹெலனை அறியாதவர்கள் இல்லை. ஆனால் பிந்தி வந்து சேர்ந்தவர்களுக்கு அவர் யார் என்று சொல்லவேண்டும். அமெரிக்காவில் ஓர் இரும்பாலை ஊரில் பிறந்தவர். நாடகக் கொட்டகையில் கூட்டித் துடைக்கப் போய், திரை இழுத்து, நடிகர்களுக்கு வசனம் எடுத்துக்கொடுத்து, கடைசியில் நியூயோர்க்கில் நாடகம் இயக்கும் அளவுக்கு வந்தவர். ஒரு நாடகத்தோடு சிட்னிக்கு வந்தார். மேடைக்கு விளக்குப் போட்ட ஜோனைக் கலியாணம் செய்துகொண்டு இங்கேயே நின்றுவிட்டார். நகரத்துப் பெரிய அரங்குகளில் அவர் பெயர் சுவரளவு எழுத்தில் நின்ற காலம் உண்டு. அப்படிப்பட்டவர் எல்லாவற்றையும் விட்டுப் புறநகர் பிளாக்டவுனில் எங்கள் மண்டபத்துக்கு ஏன் வந்தார் என்று நான் ஒருநாள் கேட்டேன். “அங்க டிக்கெட் வாங்குறவங்களுக்கு நான் என்ன செய்வேன்னு முன்கூட்டியே தெரிஞ்சுபோச்சு” என்றார்.

அவர் சொன்னது ஆங்கிலத்தில். எனக்கு அதைச் சொன்னது கவிதா. கவிதா மதுரைக்காரி, பரமட்டாவில் கொம்பியூட்டர் வேலை, நாடகத்தில் என் மருமகள். ஹெலனின் பேச்சு முழுவதையும் நான் கவிதாவின் வாயால்தான் கேட்டேன். அதனால் என் மனதில் ஹெலன் இன்றைக்கும் ஒரு மதுரைக்காரிதான்.

நான் நடிக்கப் போகவில்லை. ஒத்திகைக்கு மரக்கறி ரோல்ஸ் கொண்டுபோனேன். அவர்கள் சாப்பிட்டு முடியும்வரை கதைத்துக்கொண்டிருந்தேன். என் கதை உங்களுக்குத் தெரியும்தானே, நான் தொடங்கினால் நிறுத்துவது கடவுள் செயல். அன்று ஒருவர் கையிலிருந்து சட்டினிக் கிண்ணம் விழுந்து உடைந்தது. நான் பகிடிக்கு அந்தக் கிண்ணத்தின் மேல் விழுந்து, “என்னைப் பெத்த கிண்ணமே, என்னை விட்டுப் போனாயோ” என்று மார்பில் அடித்து ஒப்பாரி வைத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். ஹெலன் சிரிக்கவில்லை. ரோல்ஸைக் கீழே வைத்துவிட்டு, “இந்தம்மா ஏன் மேடையில இல்ல?” என்று கேட்டார்.

அப்படித்தான் மாட்டுப்பட்டேன். ஊரில் இருந்து சாவுச் செய்தி வரும் ஒரு வீடு. அதுதான் நாடகம். அந்த வீட்டுப் பெண் நான். முடிவில் நான் ஒப்பாரி வைக்கவேண்டும். யாருக்கு என்று அப்போது எழுதப்படவில்லை, நானும் கேட்கவில்லை. மார்க் என்று ஒரு விழா அமைப்பாளர் வந்து பார்த்தார். என்னைக் கிண்ணத்துக்கு அழுததுபோல் ஒருமுறை அழவைத்துப் பார்த்துவிட்டு, நாடகத்தை நகரத்துப் பெரிய அரங்குக்குக் கேட்டார். ஹெலன் மறுபடியும் அந்த மேடைக்குப் போவார் என்று ஜோனுக்குத் தலைகால் தெரியாத சந்தோசம்.

பிறகு எழுதி முடித்த தாள்கள் வந்தன. கவிதா வாசித்துச் சொன்னார். செத்துப்போனது அந்தப் பெண்ணின் தம்பி.

நான் எழும்பி என் பையை எடுத்தேன். “நான் மாட்டன்.”

“அக்கா, நடிப்புதானே? நெசமா யாரு செத்தா?”

“அதைத்தான் கவிதா நானும் சொல்லுறன். என்ர தம்பி சண்டையில காணாமல் போனவன். செத்தவன் எண்டு எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. அம்மா கண்மூடுமட்டும் அவனுக்கெண்டு ஒப்பாரி வைக்கேல்லை. நான் பிளாக்டவுனில நிண்டு வைக்கிறதோ?”

கவிதா மெதுவாக மொழிபெயர்த்தார். மார்க் நல்ல மனிதர்தான், ஆனால் விளம்பரம் அச்சுக்குப் போய்விட்டது, அதில் அழும் பெண்ணின் படம். வேறு யாரையாவது போடலாமே என்றார்.

நான் ஹெலனின் ஏச்சுக்குக் காத்து நின்றேன். அவர் ஏச்சு பெயர்போனது. பேர்பெற்ற ஒரு நடிகரைக் கதிரையில் இருந்து எழும்பும் விதம் சரியில்லை என்று காலை முழுக்க இருத்தி எழுப்பியவர் அவர். ஆனால் அன்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். முகத்தில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. இரக்கப்பட்டிருந்தால் நான் வீட்டுக்குப் போயிருப்பேன்.

“சரி, அழ மாட்டீங்க. அப்ப தம்பிக்காக என்ன செய்றீங்க?”

“அர்ச்சனை செய்யிறன். வருசா வருசம் அவன்ர பிறந்த நாளுக்கு.”

“அங்க என்ன நடக்கும்?”

“ஐயர் பேர், நட்சத்திரம் கேப்பார். நான் சொல்லுவன்.”

“செத்தவங்களுக்கும் அது செய்வீங்களா?”

“சீச்சீ! உயிரோட இருக்கிற ஆக்களுக்குத்தான்.”

இதைக் கவிதாவால் உடனே மொழிபெயர்க்க முடியவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னார். ஹெலன் கண்ணாடியைத் திரும்பப் போட்டார். “நாடகத்துல இதச் செய்ங்க. ஒப்பாரி வேணாம்.”

ஒப்பாரி இல்லையென்றால் பெரிய அரங்கும் இல்லை என்றாகிவிட்டது. ஜோன் ஒரு கிழமை முழுக்க எங்களோடு முகங்கொடுத்துக் கதைக்கவில்லை. அது ஹெலனுக்குக் கிடைக்கவிருந்த கடைசிப் பெரிய மேடை என்று அவருக்குத் தெரிந்திருந்தது, நோய் அப்போதே தொடங்கியிருந்தது. எனக்கு அது தாங்கவில்லை. நேரே போய்க் கேட்டேன், எனக்காக ஏன் விட்டீர்கள் என்று. “பெரிய தியேட்டர நான் பாத்தாச்சு. அர்ச்சனைய நான் பாத்ததில்ல” என்றார்.

முதல்நாள் மண்டபம் நிறைந்த சனம். முக்கால்வாசி நம் ஆட்கள். ஐயர் வேடத்தில் நம் குணம் அண்ணன், வாழ்நாளெல்லாம் கணக்காளர், மந்திரம் ஒன்றும் தெரியாது. அவர் பேரும் நட்சத்திரமும் கேட்டார். நான் தாளில் இருந்த பெயரைச் சொல்லவில்லை.

“இராசகுமாரன். பூரட்டாதி.”

அவர் அதைத் திருப்பிச் சொன்னார். திரை விழவேண்டிய இடம் அது. அப்போது பின் வரிசையில் ஒரு பெண் எழும்பி நின்றார். “சுதாகரன். மிருகசீரிடம்” என்றார். யாரும் அவரைக் கேட்கவில்லை. பிறகு நடுவில் ஒரு வயதானவர். “மகள் நந்தினி. திருவோணம்.” குணம் அண்ணனுக்கு வியர்த்துவிட்டது. பக்கத் திரைக்குப் பின்னால் நின்ற ஹெலனைப் பார்த்தார். ஹெலன் கையால் காட்டினார், சொல், சொல் என்று. ஒவ்வொரு பேரையும் நட்சத்திரத்தையும் கணக்காளர் பிழையில்லாமல் திருப்பிச் சொன்னார். எழும்பியவர்கள் எல்லோரும் திரும்பக் கதிரையில் இருக்கும்வரை திரை விழவில்லை. காணாமல் போனவர்களுக்காக நான் எத்தனையோ கூட்டங்களுக்குப் போயிருக்கிறேன். அன்று மண்டபத்தில் நின்ற அமைதியைச் சந்நிதியில்தான் கண்டிருக்கிறேன்.

ஹெலன் ஓடிவந்து கட்டிப்பிடிப்பார் என்று நினைத்தேன். வந்தார். “உங்க குரல் ரெண்டாவது வரிசைக்கு மேல கேக்கல. நாளைக்குச் சத்தமா” என்றுவிட்டு ஜோனைத் தேடிப் போனார். ஜோன் ஒரு மூலையில் நின்று அழுதுகொண்டிருந்தார்.

போன வியாழக்கிழமை ஹெலனை வழியனுப்பினோம். நல்ல பேச்சுகள் பேசினார்கள், சிரித்தார்கள், படங்கள் போட்டார்கள். ஒருவரும் வாய்விட்டு அழவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. ஹெலன் செத்துவிட்டார், அதில் சந்தேகமில்லை, கண்ணால் கண்டேன். பெட்டிக்குப் பக்கத்தில் போய் இருந்து தலைமயிரை அவிழ்த்து, கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி ஒப்பாரி வைத்தேன். முடிந்ததும், நான் என்ன சொல்லி அழுதேன் என்று ஜோன் கவிதாவிடம் கேட்டார்.

“ஏசுனாங்க” என்றார் கவிதா. “அடுத்த நாடகத்துக்கு ஆள் சேத்து வச்சிட்டு நீ எங்கடி போறன்னு.”

ஜோன் சிரித்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார்.

ஹெலனிடமிருந்து நான் எடுத்துவைத்திருப்பது நடிப்பு அல்ல. அது வந்த மாதிரியே போய்விடும். ஒரு ஆள் மாட்டேன் என்று சொன்னபோது அவர் வைத்திருந்த முகத்தைத்தான் எடுத்துவைத்திருக்கிறேன். எனக்கு அது லேசில் வராது, பழகிக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை, தூரத்தில் வெரிபீயில் இருக்கும் மகள் வீடியோவில் வந்தாள். “அம்மா, நீங்க பாத்த பெடியனைப் பாக்க நான் வரமாட்டன்” என்றாள். சாதகம் பொருந்தியது, கோயிலில் பூ வைத்துக் கேட்டது, எல்லாம் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டன. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தேன்.

“சரி, வரமாட்டாய். அப்ப நீ என்ன செய்யிறாய் அங்க, சொல்லு பாப்பம்.”

முதலில் நம்பாமல் பார்த்தாள். பிறகு சொல்லத் தொடங்கினாள், வெளிச்சம் போகும்வரை சொன்னாள். வாயாடி என்று ஊரெல்லாம் பேர் எடுத்த நான் கேட்டுக்கொண்டு இருந்தேன்.