டீசல் இஞ்சினுக்கு மேலே ஒரு காதல் வசனம்

1. முதல் நாள்

முதல் நாள், பாப்பம்மாளின் புடவைத் தலைப்புக்குள் லபெல் மைக்கைக் குத்தப் போனபோது அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். மைக்கை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். ஒரு பொட்டுக்கடலை அளவுதான் இருக்கும் அது.

"இதுல நான் பேசுறது அப்படியே படத்துல வருமா? இல்ல, எம் மூஞ்சிய மட்டும் புடிச்சுக்கிட்டு மெட்ராஸ்ல எவளையாவது வச்சுப் பேச வைப்பீங்களா?"

டைரக்டர் என்னைப் பார்த்தார். நான் அந்தப் படத்தின் சவுண்ட் ரெக்கார்டிஸ்ட். படப்பிடிப்பு நடக்கும் இடத்திலேயே குரலைப் பதிவு செய்வது, அதாவது சிங்க் சவுண்ட், என் வேலை.

"வர வைக்கிறதுக்குத்தாம்மா நான் வந்திருக்கேன்" என்றேன்.

"வரலேன்னா நானும் இல்ல. இப்பவே சொல்லிப்புட்டேன்."

இந்தக் குறிப்பைச் சவுண்ட் படித்துவிட்டுத் தொழிலுக்கு வரும் பெண்களுக்காக எழுதுகிறேன். நான் படித்த பாடத்தில் இல்லாத ஒன்றை அந்த மாதம் திருவையாற்றுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் கற்றுக்கொண்டேன்.

படத்தின் கதை சின்னது. அறுபது வயதுக்கு மேல் மொபெட் ஓட்டக் கற்றுக்கொள்ளும் ஒரு விதவை. அழைக்காத கல்யாணத்துக்கெல்லாம் போய்ச் சாப்பிட்டு, சாம்பாருக்கு மார்க் போடும் ஒரு தனி ஆள். இருவரும் சேர்ந்து வாழ முடிவெடுக்கிறார்கள். நடிகர்களை வைக்கப் பணம் இல்லை என்பது ஒரு காரணம். நடிகர்கள் வேண்டாம் என்று டைரக்டர் நினைத்தது இன்னொரு காரணம். அந்த ஊர் ஆட்களையே தேர்ந்தெடுத்தார்.

தயாரிப்பாளர் டப்பிங் பழக்கத்தில் வளர்ந்தவர். மதகடிக் காட்சியை எடுத்து அனுப்புங்கள், அதில் சத்தம் சுத்தமாக இருந்தால் படம் முழுக்க லைவ், இல்லையென்றால் டப்பிங் என்று சொல்லிவிட்டார். மதகடிக் காட்சி என்பது வாய்க்கால் மதகின் பக்கத்தில் அந்த அம்மாள் அந்த மனிதரிடம் மனதைத் திறந்து சொல்லும் இடம். ஆகவே பாப்பம்மாளின் குரல் படத்தில் இருக்குமா என்பது அந்த ஒரு காட்சியில் நின்றது.

அவருக்கு ஏன் அவ்வளவு பிடிவாதம் என்று இரண்டாம் நாள் டீ குடிக்கும்போது தெரிந்தது. அந்தக் காலத்தில் கூலிப் போராட்டத்தில் கோஷம் போட்டவர் அவர்தான். களத்துமேட்டில் நின்று அவர் பேசியது பேப்பரில் வந்திருக்கிறது. போட்டோ இவருடையது. பேச்சை மட்டும் டவுனிலிருந்து வந்த ஒரு தலைவர் பேசியதாகப் போட்டுவிட்டார்கள்.

"அப்பவே ஒருக்கா மூஞ்சி என்னுது, பேச்சு இன்னொருத்தனுதுன்னு ஆகிப்போச்சு. ரெண்டாந்தடவ ஆவ விடமாட்டேன், சவுண்டு பொண்ணு" என்றார்.

அன்றிலிருந்து யூனிட் முழுக்க எனக்குப் பெயர் சவுண்டு பொண்ணு.

2. காரியக்காரர்

பாப்பம்மாளுக்கு ஜோடியாக நடித்தவர் வைத்திலிங்கம். வெயில் இல்லாவிட்டாலும் குடையோடு நடப்பவர். இடது காது கேட்காது. வலது காதும் இஷ்டப்பட்டால்தான் கேட்கும். மெஷின் வைக்கச் சொன்னால், கேட்ட வரைக்கும் போதும் என்பார்.

டைரக்டர் அவரைக் குடைக்காகத் தேர்ந்தெடுத்தார். அந்த ஊர்ப் பண்ணையில் அவர் காரியக்காரராக இருந்தவர், கூலி நெல்லை அளந்து போட்டவர், பாப்பம்மாள் போட்ட கோஷம் அவர் முகத்துக்கு நேரே போட்டது என்பதெல்லாம் டைரக்டருக்குப் பிறகுதான் தெரிந்தது. தெரிந்தபோது இரண்டு பேருமே அட்வான்ஸ் வாங்கியிருந்தார்கள்.

முதல் ஒத்திகையில் வசனத் தாளில் "வாங்க, உக்காருங்க" என்று இருந்ததை வைத்திலிங்கம் "வா, உக்காரு" என்றார். வேண்டுமென்று சொல்லவில்லை. வாய் அப்படித்தான் பழகியிருந்தது.

பாப்பம்மாள் உட்காரவில்லை. தாளை நீட்டி, "இதுல என்ன எழுதியிருக்குன்னு படிங்க காரியக்காரரே" என்றார்.

அவர் படித்தார். மறுபடி சொன்னபோது "வாங்க" என்பது தொண்டையிலிருந்து கொஞ்சம் கஷ்டப்பட்டு வந்தது. என் ஹெட்போனில் அந்தக் கஷ்டம் தெளிவாகக் கேட்டது. பாப்பம்மாள் அதன் பிறகும் உடனே உட்கார்ந்துவிடவில்லை. சேலையைச் சரிசெய்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அப்புறம்தான் உட்கார்ந்தார்.

அதன் பிறகு அவர்கள் சண்டை போட்டுக்கொண்டதாக எனக்கு நினைவில்லை. மொபெட் ஓட்டும் காட்சியில் பாப்பம்மாள் வாய்க்காலுக்குள் வண்டியோடு இறங்கியபோது முதலில் ஓடிப்போய்க் குடையை நீட்டியவர் வைத்திலிங்கம்தான். ஊர்தான் சும்மா இருக்கவில்லை. டீக்கடையில் கேலி நடந்தது. "காரியக்காரரு அளந்த நெல்லு இப்பத்தான் வெந்திருக்கு போல" என்று யாரோ சொன்னதாகக் கேள்வி.

3. என் பட்டியல்

நான் எந்த வேலைக்கும் பட்டியல் போடுகிறவள். மதகடிக்கு மூன்று நாள் முன்பே போய் உட்கார்ந்து கேட்ட சத்தங்களை எழுதினேன். மினி பஸ் ஹாரன், மயில், பக்கத்து ஊர்க் கல்யாண மண்டபத்து ஸ்பீக்கர், ஆளுங்கட்சிக் கூட்டத்துக்கு ஆட்டோவில் மைக் கட்டிப் போகிறவர், கரையோரம் ஓடும் மோட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு வழி எழுதினேன். மினி பஸ் டிரைவரிடம் பேசியாயிற்று. மண்டபத்தில் அன்று முகூர்த்தம் இல்லை. ஆட்டோக்காரர் அந்தப் பக்கம் வருவதை மாலைக்குத் தள்ளிக்கொண்டார். மயிலை ஒன்றும் செய்ய முடியாது. அது காதல் காட்சியில் கத்தினால் பாதகமில்லை.

மோட்டார்தான் பெரியது. குறுவை நட்டு அதிக நாளாகவில்லை, ஆற்றில் தண்ணீர் இன்னும் சரியாக வரவில்லை, எல்லாரும் போர்வெல்லில் இறைத்துக்கொண்டிருந்தார்கள். மும்முனை மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று லைன்மேனிடம் கேட்டுக்கொண்டேன். மும்முனை நின்றதும் மோட்டார்கள் நின்றுவிடும். அந்த நேரத்தில் காட்சியை எடுத்துவிடலாம்.

நான் ஒரத்தநாட்டுக்காரி. எங்கள் பக்கம் வயலில் ஓடுவதெல்லாம் கரண்டு மோட்டார். அதற்கு மேல் யோசிக்கத் தோன்றவில்லை.

4. மதகடி

சொன்ன நேரத்துக்கு மும்முனை போயிற்று. ஒவ்வொரு மோட்டாராக அடங்கியது. ஹெட்போனில் தண்ணீர் மதகுப் பலகையில் உரசும் சத்தம் கேட்டது. டைரக்டர் பெருவிரலைத் தூக்கிக் காட்டினார். அப்போது வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு டீசல் இஞ்சின் கிளம்பியது. டுப்டுப்டுப் என்று ஆரம்பித்து நிலையாக ஓடத் தொடங்கியது.

அந்தப் பக்கத்து வயல்களுக்குக் கரண்டே கிடையாது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பழைய பண்ணை நிலம், நில உச்சவரம்புச் சட்டத்தில் அரசாங்கம் எடுத்து வேலை செய்தவர்களுக்குக் கொடுத்தது. வழக்கு இன்னும் முடியவில்லை. பட்டா மாறாததால் மின் இணைப்பு இல்லை. தேர்தலுக்குத் தேர்தல் இரண்டு கட்சியும் வந்து பட்டா தருவதாகச் சொல்லிவிட்டுப் போகும். அதுவரைக்கும் அவர்கள் வாடகை இஞ்சின் வைத்து முறை போட்டு இறைக்கிறார்கள். அன்றைய முறை செல்வத்துடையது. செல்வம் பாப்பம்மாளின் மகன்.

டைரக்டர் வெளிச்சத்தைப் பார்த்தார். "பைலட்டா எடுத்துக்குவோம்" என்றார். பைலட் என்றால் டப்பிங்கில் பார்த்துப் பேச ஒரு மாதிரிக் குரல்; படத்தில் வராது.

"பைலட்டுன்னா?" என்று பாப்பம்மாள் என்னிடம் கேட்டார். நான் உள்ளதைச் சொன்னேன். அவர் தலைப்புக்குள் கையை விட்டு, கழற்றிக் கொடுக்க மைக்கைத் தேட ஆரம்பித்தார்.

அஞ்சு நிமிஷம் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு, ரெக்கார்டரைத் தோளிலிருந்து கழற்றாமலேயே வரப்பில் ஓடினேன்.

செல்வம் மரியாதையாகத்தான் பேசினார். இன்றைக்கு விட்டால் அடுத்த முறை எப்போது வருமென்று தெரியாது, பயிர் தாங்காது என்றார். மேனேஜர் அதற்கு ஈடு தருவார் என்றேன். அவர் இஞ்சினைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பயிரு ஒரு பக்கம் கெடக்கட்டுங்க. அந்த ஆளு எங்கப்பாவுக்குக் கூலி அளந்தவரு. அவருகிட்டப் போயி எங்கம்மா வந்துடுங்கன்னு சொல்றதுக்கு, நான் இஞ்சின நிறுத்திக் குடுக்கணுமா?"

அப்போது மதகுப் பக்கத்திலிருந்து பாப்பம்மாள் குரல் கொடுத்தார்.

"ஏ சவுண்டு பொண்ணு, வந்து சேரு. அவங்கிட்ட எதுக்குக் கெஞ்சிக்கிட்டு நிக்கிற?"

இஞ்சின் என் காலடியில் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு வயல், ஒரு வாய்க்கால். ஆனாலும் ஒவ்வொரு எழுத்தும் என் காதில் விழுந்தது. தோளில் இருந்த ரெக்கார்டரைப் பார்த்தேன். அவருடைய வயர்லெஸ் மைக்கின் மீட்டரில் இஞ்சின் கீழே கிடந்தது. அவர் குரல் அதற்கு மேலே எழுந்து நின்றது.

திரும்பி வந்து டைரக்டரிடம் சொன்னேன். முதலில் இஞ்சினைக் காட்டிவிடுங்கள். எங்கிருந்து வருகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டால் அந்தச் சத்தம் பார்க்கிறவர்களுக்குத் தொந்தரவு இல்லை. அப்புறம் இவர்கள் அதற்கு மேலே பேசட்டும்.

"கத்தியா? இது ரகசியமா சொல்ற வசனம் மேடம். காதல யாராவது கத்திச் சொல்லுவாங்களா?"

வைத்திலிங்கத்துக்கு இது எப்படியோ கேட்டுவிட்டது. "மெதுவாச் சொன்னா எனக்கு எப்படியும் காதுல விழாதுங்க தம்பி" என்றார்.

பாப்பம்மாள் மைக்கைத் தேடுவதை நிறுத்தினார்.

அவருடைய குரல் உடையாமல் இருக்க கெயினை, அதாவது மைக் குரலை வாங்கும் அளவை, குறைத்தேன். நீளக் கம்பில் கட்டிய பூம் மைக்கின் முதுகு இஞ்சினைப் பார்க்கும்படி, மதகுச் சுவரை ஒட்டித் தாழ்த்திப் பிடிக்கச் சொன்னேன். ஒத்திகை வேண்டாம் என்றேன். டைரக்டர் ஒப்புக்கொண்டார்.

ஆக்‌ஷன் சொன்னதும் பாப்பம்மாள் சத்தமாகச் சொன்னார். "தனியா ஒக்காந்து சாப்புட்டதெல்லாம் போதும். எங்க வீட்டுக்கு வந்துடுங்க."

வைத்திலிங்கம் காதுக்குப் பின்னால் கையை வைத்தார். "என்னது?"

இது வசனத்தில் இல்லை. அவருக்கு நிஜமாகவே கேட்கவில்லை. டைரக்டர் கட் சொல்லவில்லை. பாப்பம்மாள் மூச்சை இழுத்தார். களத்துமேட்டில் நின்ற அந்தக் குரல் இதுதான் என்று எனக்குப் புரிந்தது. மீட்டர் சிவப்பின் விளிம்பு வரை போய், தாண்டாமல் நின்றது.

"எங்கூட வந்து இருங்கன்னு சொல்றேன். கடைசி வரைக்கும்."

அவர் பாதி சொல்லும்போதே இஞ்சின் தடுமாறியது. டுப்... டுப்... என்று இழுத்து நின்றது. "கடைசி வரைக்கும்" என்ற இரண்டு சொல்லும் வெறும் வெளியில், முழுக் குரலில் போய் விழுந்தன. வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். பாப்பம்மாளே கொஞ்சம் திகைத்துப்போய், குரலைத் தாழ்த்தி, "எங்கூட" என்று இன்னொரு தடவை சொன்னார்.

வைத்திலிங்கம் குடையை மடக்கினார். மதகுச் சுவரில் நகர்ந்து இடம் விட்டார். "உக்காருங்க" என்றார். அது தாளில் அந்த இடத்தில் இல்லை. அப்புறம்தான் தாளில் இருந்ததைச் சொன்னார்.

"சாம்பாருக்கு முருங்கக்கா போடுவீங்களா?"

அந்தப் பக்கத்திலிருந்து செல்வத்தின் குரல் வந்தது. "அது வைக்கிற சாம்பாருல உப்பே இருக்காது."

பாப்பம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இத்தன வருசமாத் தின்னு வளந்துட்டுப் பேசுறான் பாருங்க" என்று வைத்திலிங்கத்திடம் சொன்னார். வைத்திலிங்கம் சிரித்தார். பூம் பிடித்திருந்த பையன் உதட்டைக் கடித்துக்கொண்டு அசையாமல் நின்றான். அதற்காக அவனை இன்றும் மெச்சுவேன்.

பிறகு செல்வத்திடம் நன்றி சொல்லப் போனேன். "நான் எங்கங்க நிறுத்துனேன், டீசல் தீந்துபோச்சு" என்றார். பக்கத்தில் இருந்த கேனில் டீசல் இருந்தது. நான் அதைப் பார்த்ததை அவரும் பார்த்தார்.

5. தியேட்டர்

காட்சியைப் பார்த்துவிட்டுத் தயாரிப்பாளர் போன் செய்தார். இதை எந்த டப்பிங் ஆர்ட்டிஸ்ட்டும் பேச முடியாது, இப்படியே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். செல்வத்தின் உப்பையும் எடுக்க வேண்டாம் என்றார். மற்றக் காட்சிகளுக்கு நான் நெளிந்து கேட்க வேண்டிய அனுமதிகளெல்லாம் அதன் பிறகு தானாகக் கிடைத்தன.

தஞ்சாவூரில் ஒரு தியேட்டரில் ஊர்க்காரர்களுக்குப் படத்தைப் போட்டுக் காட்டினோம். நான் பாப்பம்மாளுக்கு இந்தப் பக்கம். வைத்திலிங்கம் அந்தப் பக்கம், கேட்கும் காதை அவர் பக்கம் வைத்து. செல்வம் பின்வரிசையில். மதகடிக் காட்சியில் தியேட்டர் முழுக்க இஞ்சின் அதிர்ந்தது. அதற்கு மேலே அந்தக் குரல் எழுந்தபோது பாப்பம்மாள் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இம்புட்டுச் சத்தமாவா பேசுறேன் நான்?" என்று என்னிடம் கேட்டார்.

வைத்திலிங்கம் முந்திக்கொண்டார். "இது என்ன சத்தம். அன்னிக்கிக் களத்துல நீங்க பேசுனது இதவிட மேல. அப்ப எனக்கு ரெண்டு காதும் கேட்டுச்சு."

அந்தப் பேச்சு யாருடையது என்று அவருக்கு இத்தனை வருடமும் தெரிந்திருக்கிறது. பாப்பம்மாள் கைக்கடிகாரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரையைப் பார்த்தார். கடைசியில் பெயர்கள் ஓடும்போது "குரல்: அவரவர்" என்று ஒரு வரி வரும். நான் கேட்டு வாங்கிய வரி அது. அதை எனக்கு உரக்கப் படித்துக் காட்டியவர் பாப்பம்மாள்.

இப்போதும் லொகேஷன் பார்க்கப் போனால் பட்டியல் போடுகிறேன். சத்தம், தூரம், நேரம் என்ற மூன்று பத்தியோடு நான்காவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. அந்தச் சத்தம் யாருடையது, அவர் அதை ஏன் நிறுத்த முடியாது. நீங்களும் அதை எழுதுங்கள், எழுதிவிட்டு வரப்பில் இறங்கிப் போய் அவரிடம் பேசுங்கள். போகும்போது ரெக்கார்டரைத் தோளிலிருந்து கழற்றாதீர்கள்.