வெள்ளிக்கிழமை மாவு

சண்டை மூண்ட இரண்டாம் குளிர்காலத்தில், பட்டாளத்துக்கு மாவு மிச்சம் பிடிக்க வெள்ளிக்கிழமைகளில் ரொட்டியைத் தவிர்க்கும்படி ஊர்க் குழு கேட்டுக்கொண்டது. கட்டாயமில்லை, மனசிருந்தால் போதும் என்றார்கள்.

"மனசில்லாதவங்களுக்கு நான் வரவழைக்கிறேன்" என்று கிளம்பினாள் மாடி வீட்டுத் தையல்காரி.

புருஷன் போருக்குப் போயிருந்தான். அதனால் எவர் வீட்டு அடுப்பையும் எட்டிப் பார்க்கும் உரிமை தனக்குண்டு என்று நினைத்தாள். அளவெடுக்கப் போன இடத்திலெல்லாம் மூக்கை நுழைத்தாள். குப்பைத் தொட்டியில் ரொட்டி ஓரம் கிடந்தால் அதை நூலில் கோத்து அந்த வீட்டுக் கதவிலேயே தொங்கவிட்டாள். தெரு அவளுக்குக் 'கழுகு' என்று பேர் வைத்தது. தைக்கக் கொடுக்க ஆள் குறைந்தது. அவள் அசரவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் தன் வீட்டுக்குள் நுழைந்தபோது, கூடவே இருந்த நாத்தனார் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். உள்ளறையில் மாமனார் படுத்த படுக்கையாகக் கிடந்தார்.

"என்ன அண்ணி இது?"

"அப்பாவுக்குக் கஞ்சி இறங்கல. ரெண்டு வாய் ரொட்டி கேக்குறார்."

"நாளைக்குச் சுட்டுக் குடுங்க."

"நாளைக்கு இருப்பாரான்னு உனக்குத் தெரியுமாடி?"

"ஊரையெல்லாம் ஏசிட்டு என் வீட்டுலயே ரொட்டி சுட்டா எவ மதிப்பா? அங்க உங்க தம்பி பட்டினி கிடக்கிறார்!" என்றவள், மாவை வாரி எடுத்துக் கழுநீர் வாளியில் போட்டாள்.

நாத்தனார் வாளியைப் பார்த்தாள். "இந்த மாவு இப்ப எந்தப் பட்டாளத்துக்குப் போகுது?"

 தையல்காரி முகம் எரிய, போய் மெஷின் முன்னால் உட்கார்ந்து துணியே இல்லாமல் மிதித்தாள்.

மறுநாள் ரொட்டி சுட்டுக் கொடுத்தார்கள். கிழவர் தொடவில்லை, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்த வாரமே போய்ச் சேர்ந்தார். அதன்பின் ஒரே சமையலறையில் இரண்டு அடுப்பு எரிந்தது. நாத்தனார் அவளோடு ஒரு சொல் பேசவில்லை.

சண்டை ஓய்ந்து புருஷன் வந்தான். கன்னம் உப்பி, இடுப்பு வார் எட்டாமல், மூச்சு வாங்கப் படியேறி வந்தான். எதிர் ஜன்னல்கள் திறந்தன; யாரோ சிரிப்பது கேட்டது.

"அங்க சோத்துக்கே வழியில்லன்னாங்களே?" என்றாள் தையல்காரி.

"முன்னணியில நின்னவனுக்கு இல்ல. எனக்கென்ன, உணவுக் கிடங்குல காவல்!"

"நல்லாத்தான் காவல் காத்திருக்கே தம்பி" என்றாள் நாத்தனார். "இந்தத் தொப்பையைப் பார்க்க அப்பாவுக்குத்தான் குடுத்து வைக்கல."

அவனுக்கு எதுவும் விளங்கவில்லை. பழைய சட்டைகளை எடுத்து மனைவியிடம் நீட்டினான். "பித்தான் எட்டல. பிரிச்சுத் தைச்சுக் குடு."

"முடியாது. நீங்க இளைங்க."

"விளையாடாதே."

அவள் சட்டைகளை அவன் காலடியிலேயே வீசிவிட்டு மெஷினை மூடினாள். அவன் அக்காவின் அடுப்படிக்குப் போய் உட்கார்ந்தான். தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அக்கா அவனுக்கு நடந்ததையெல்லாம் சொல்லும் குரல் கேட்டது. சாப்பிட வா என்று இவளை யாரும் கூப்பிடவில்லை.