இரண்டு கையெழுத்து வேண்டும்

வீட்டுக்கடன் வாங்கித் தருகிறவனிடம் புருஷனும் பெண்டாட்டியும் ஜோடியாக வந்து உட்கார்ந்தால், ஜாதகம் பார்த்தவர் கோட்டைவிட்டதெல்லாம் கடன் ரிப்போர்ட்டில் வந்து நிற்கும். வில்லியனூரில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் பதினோரு வருஷமாக இந்தத் தொழில் செய்கிறேன். அஞ்சாம் தேதி செல்போன் ஒரு சத்தம் போட்டாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும் சக தவணைக்காரர்களே, உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? இரண்டு பேரில் ஒருவர் ஸ்கோர், அதாவது கடன் கட்டும் லட்சணத்துக்கு அந்த ரிப்போர்ட் போடும் மார்க், பளிச்சென்று இருக்கும், மற்றவர் ஸ்கோர் படுத்திருக்கும். பேங்க் படுத்திருப்பதைத்தான் கையில் எடுக்கும். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

மச்சானின் போன்

குமரனுக்கு சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. மனைவி சுகந்தி நர்ஸ். ஒதியம்பட்டில் மனைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்கள். மூன்று மாதத்துக்குள் கிரயம் முடிக்காவிட்டால் அட்வான்ஸ் போய்விடும். சுகந்தியின் ஸ்கோரில் ஒரு குறையும் இல்லை. குமரனுடையதில் ஒரு செல்போன் தவணை பாதியில் நின்று மூன்று வருஷமாகக் கிடந்தது.

ஏன் கட்டவில்லை என்று சுகந்தி கேட்டாள். மறந்துவிட்டேன் என்றான். எந்தப் போன் என்று கேட்டாள். தொலைந்துவிட்டது என்றான். அவள் ரிப்போர்ட்டை என் கையிலிருந்து வாங்கித் தேதியைப் பார்த்தாள். அவளுடைய தம்பி பாலிடெக்னிக்கில் சேர்ந்த மாதம் அது. சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது என்று சொல்லி அவன் புதுப் போனோடு வந்து நின்றது அவளுக்கு நினைவிருந்தது. அங்கேயே தம்பிக்குப் போன் போட்டு, சனிக்கிழமைக்குள் பாக்கியைக் கட்டு என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

பையன் கட்டிவிட்டான். ரிப்போர்ட்டில் அது சரியாவதற்கு இரண்டு மாதத்துக்குமேல் ஆனது. கெடுவுக்கு ஒன்பது நாள் இருக்கும்போதுதான் கடன் வந்தது. கையெழுத்துப் போடும் அன்று சுகந்தி ஜெராக்ஸ் எடுக்கக் கீழே இறங்கினாள். முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று குமரனிடம் கேட்டேன்.

"சொன்னா அவ தம்பிகிட்ட பேச மாட்டா சார். எனக்கு ஸ்கோர்தான் போச்சு. அவளுக்குத் தம்பியே இல்லாம பூட்டிருப்பான்."

அதே பெயர், அதே பிறந்த நாள்

ஆரோக்கியசாமி பக்கத்துக் கிராமத்துக்காரர். பங்குக் கோயில் பாடகர் குழுவில் பாடுகிறவர், சைக்கிளைத் தவிர வேறு வண்டி ஓட்டத் தெரியாதவர். அவர் ரிப்போர்ட்டில் கட்டாமல் விட்ட ஒரு டூவீலர் கடன் இருந்தது. சத்தியம் செய்தார். அவர் மனைவி பிலோமினா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வேறு எந்த வீட்டுக்காவது வண்டி வாங்கிக் கொடுத்திருப்பாரோ என்று விசாரித்தாள். இரண்டு நாள் அந்த வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று எனக்குத் தெரியாது.

அலைந்து பார்த்ததில், அடுத்த ஊரில் இன்னொரு ஆரோக்கியசாமி இருந்தார். இரண்டு பேரும் ஒரே வருஷம் ஆரோக்கிய மாதா திருவிழா அன்று பிறந்தவர்கள். அதனால்தான் அதே பெயர். அப்பா பெயரும் ஒன்றாகப் போனதால் கம்ப்யூட்டர் இரண்டு பேரையும் ஒருவராக்கிவிட்டது. டெம்போ ஓட்டும் அந்த மனிதர் விஷயத்தைக் கேட்டு வெட்கப்பட்டுப் போனார். மறுநாள் நாங்கள் கூப்பிடாமலே, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, அந்த டூவீலரின் ஆர்.சி. புத்தகத்தோடு பேங்குக்கு வந்து மேனேஜர் முன்னால் நின்றார்.

"கடன் என்னுதுதான் சார், நான் கட்டிக்கிறேன். இவரு என் பேர வச்சிக்கினு இருக்காரு, அது ஒன்னுதான் இவரு செஞ்ச தப்பு."

தடைக்காலம்

வீராம்பட்டினம் ஆறுமுகம் விசைப்படகில் போகிறவர். அவர் மனைவி அஞ்சலை மீன் விற்கிறார். ஆறுமுகம் வலை வாங்கிய கடனில் வருஷா வருஷம் இரண்டு மாதம் மட்டும் தவணை விழவில்லை. வெளியூரிலிருந்து புதிதாக வந்த பேங்க் அதிகாரி, இது என்ன பழக்கம் என்று கேட்டார். மீன் முட்டையிடும் அந்த இரண்டு மாதமும் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது என்று நான் விளக்கினேன். அவர் புரிந்துகொண்டு, தடைக்காலத்திலும் நாட்டுப்படகு மீன் வாங்கி விற்கும் அஞ்சலையை முதல் பெயராகப் போட்டு விண்ணப்பத்தைத் திருத்தி எழுதினார். அஞ்சலை சொன்னார்:

"மீனுக்கு ரெண்டு மாசம் லீவு குடுக்கிறாங்க. தவணைக்கும் சேத்துக் குடுத்தா நாங்க இன்னா வேணாம்னா சொல்லப் போறோம்?"

பாகூரில் ஒரு ரூம்

இதில் நானும் தப்பு செய்தவன். செல்வராசு மின்துறையில் லைன்மேன். அவர் மனைவி தேவகி மகளிர் குழுத் தலைவியாக இருந்தவர். குழுவில் இருந்த மல்லிகாவுக்காகத் தன் பெயரில் ஒரு கடன் எடுத்துக் கொடுத்திருந்தார். மல்லிகாவின் புருஷன் கீழே விழுந்து படுக்கையாகிவிட, தவணை நின்றுபோனது. அந்த வீட்டில் போய்க் காசு கேட்க தேவகிக்கு வாய் வரவில்லை.

மேனேஜர் சுலபமாக ஒரு வழி சொன்னார். மனையும் கடனும் செல்வராசு பெயரிலேயே இருக்கட்டும், தேவகி அம்மா பெயரை எடுத்துவிடுங்கள், ஒரு வாரத்தில் முடித்துவிடலாம். நானும் அதையே சொன்னேன். என் கமிஷனும் ஒரு வாரத்தில் வருமே. தேவகி தலையைக் குனிந்துகொண்டு, எடுத்துடுங்க சார், என்னாலதானே என்றார். செல்வராசு காகிதங்களை மடித்துப் பையில் வைத்தார். அப்புறம் வருகிறோம் என்று எழுந்துவிட்டார்.

பதினான்கு மாதம் வரவில்லை. வாடகை வீட்டிலேயே இருந்து, மல்லிகாவின் கடனை இருவரும் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்திருக்கிறார்கள். அதற்குள் பார்த்த மனை கைமாறிவிட்டது, விலையும் ஏறிவிட்டது. கடைசியில் பாகூரில் சின்ன மனையாக வாங்கி, நினைத்ததில் ஒரு ரூமைக் குறைத்துத்தான் கட்டினார்கள். பத்திரத்தில் இரண்டு பெயர். கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தேன். மல்லிகா இலை போட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கே ஒற்றைப் பெயரில் வாங்கியிருந்தால் அந்த ரூமும் இருந்திருக்குமே என்று செல்வராசுவிடம் கேட்டுவிட்டேன். அவர் சாம்பார் வாளியோடு போய்க்கொண்டிருந்த தேவகியைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"நான் தெனம் கம்பத்துல ஏறுறவன் சார். எனக்கு எதுனா ஒன்னு ஆச்சுன்னா, அவ அவளோட வூட்டுல இருக்கணும். என் வூட்டுல இல்ல."

கடனைக் கட்டாதவர் யார் என்று கண்டுபிடிக்க ரிப்போர்ட் போதும், ஏன் கட்டவில்லை என்று கண்டுபிடிக்க இரண்டு பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைக்க வேண்டியிருக்கிறது என்பதால், என் கமிஷனில் பாதி கீழே ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்தில் இருக்கும் டீக்கடைக்கே போய்விடுகிறது.