தெரிஞ்சதுதானே அக்கா

காப்புரிமை அலுவலகத்தில் அவளைப் பெற்றவர்கள் வைத்த பெயரால் யாரும் கூப்பிடுவதில்லை. 'தெரிஞ்சதுதானே அக்கா' என்றால்தான் ஆள் தெரியும். ரசாயனப் பிரிவில் பரிசோதகர். புதுச் செய்முறை என்று யார் விண்ணப்பித்தாலும், அந்தத் தொழில் தெரிந்தவருக்கு அது தானாகவே தோன்றியிருக்குமா என்று பார்ப்பது அவள் வேலை. தோன்றியிருக்கும் என்றால் உரிமை கிடையாது. அக்காவுக்கோ எல்லாமே தோன்றும்! கோப்பைப் புரட்டி, "இது தெரிஞ்சதுதானே?" என்பாள். ஆள் காலி.

சாயப்பொடிப் பட்டறைக்காரரும் அப்படித்தான் மாட்டினார். சாயக் கரைசலில் அமிலம் ஊற்றினால் பொடி கட்டிதட்டிவிடும். இவர் கரைசலைக் குளிரவைத்து ஊற்றினார். பொடி மாவு மாதிரி விழுந்தது. "சூட்டைக் கூட்டிக் குறைச்சுப் பார்க்க யாருக்குத்தான் தோணாது?" என்று அக்கா ஆட்சேபம் எழுதிவிட்டாள். மனுஷன் விசாரணைக்கு நேரில் வருவதாகச் சொன்னார். பெரிய கம்பெனி ஒன்று அதையே காப்பியடிக்கக் காத்திருக்கிறதாம். உரிமை கிடைக்காவிட்டால் பட்டறையை இழுத்து மூடவேண்டியதுதானாம். பாவமாகத்தான் இருந்தது. அதற்காக உரிமையைத் தூக்கிக் கொடுக்க முடியுமா?

விசாரணைக்கு முந்தின சாயங்காலம், அக்காவின் கணவர் குளியலறைக் கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். குடிவந்த நாளிலிருந்து தரையில் உரசும் கதவு; உதைத்தால்தான் சாத்தும். அவர் கீழ்க் கீலுக்குப் பின்னால் ஒரு அட்டைத் துண்டைச் செருகினார். கதவு வழுக்கிக்கொண்டு சாத்தியது.

"இவ்வளவுதானா? இது தெரிஞ்சதுதானே?"

"தெரிஞ்சா, இத்தனை வருஷமா ஏன் உதைச்சிட்டிருந்தே?"

அக்காவுக்குச் சுருக்கென்றது.

காலையில் விண்ணப்பத்தை ஓரமாக வைத்துவிட்டு, சாயத் தொழில் பற்றிய பழைய ஆவணங்களை மட்டும் படித்தாள். எல்லாவற்றிலும் ஒரே பாட்டு: கட்டிதட்டினால் சூடேற்று, குளிரவிட்டால் கெட்டது. குளிரவைக்கச் சொன்னவர் ஒருத்தர்கூட இல்லை. அட கடவுளே, விடையைப் பார்த்துவிட்டல்லவா கணக்குப் போட்டிருக்கிறாள்! வெட்கம் பிடுங்கித் தின்றது.

பட்டறைக்காரர் பை நிறையப் புட்டிகளோடு சண்டைக்குத் தயாராக வந்து உட்கார்ந்தார்.

"ஆட்சேபத்தை வாபஸ் வாங்கிக்கறேன்" என்றாள்.

"அம்மா, நான் இன்னும் பேசவே ஆரம்பிக்கலையே!"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனதும், மேலதிகாரி கோப்போடு வந்தார். "குளிரவைக்கறதுக்கு ஒரு உரிமையா? என்னம்மா ஆச்சு உங்களுக்கு?"

அக்கா வேறொரு கோப்பை எடுத்தாள். விடை இருந்த பாதியைக் கையால் மூடினாள். "இந்தப் பிசின் ஆறினதும் விரிசல் விட்டுடுது சார். நீங்க என்ன செய்வீங்க?"

மேலதிகாரி நெற்றியைத் தேய்த்தார். "மெதுவா ஆறவிடுவேன்."

அக்கா கையை எடுத்தாள். மறுபடியும் சூடேற்றி, அப்புறம் ஆறவிட வேண்டுமாம்.

"அட, இது தெரிஞ்ச..." என்று ஆரம்பித்தவர், வாயை மூடிக்கொண்டு, சாயக் கோப்பில் கையெழுத்துப் போடப் பேனாவைத் தேடினார்.